கல்கத்தாவில் இருவர்

திருமண நாளுக்குக் கணவனும் மனைவியும் வெளியூர் போவதென்றால் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மலைதான். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று அடுக்கிவிட்டு, கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் மூணாறு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாக மணமானவர்களுக்கு மலை பொருந்தும். பனியையும் குளிரையும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதே அவர்களுக்குப் போதுமான வேலை. பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, பள்ளிக் கட்டணம், எரிவாயு உருளை, மாமனாரின் இரத்த அழுத்த மாத்திரை என்று மட்டுமே பேசிப் பழகிவிட்ட இருவரை ஒரு மலை விடுதியின் பால்கனியில் உட்காரவைத்தால், அரை மணி நேரத்தில் அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தேவை, பக்கத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து பார்ப்பதற்கு மூன்றாவதாக ஏதாவது ஒன்று. அது பெரிய நகரத்தில்தான் தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்பது என் கட்சி. அந்தக் கட்சி வென்றதால் இந்த ஆண்டு நாங்கள் கல்கத்தாவுக்குப் போனோம்.

அந்த நகரத்தைத் தேர்ந்தெடுக்க இருவருக்கும் வேறு வேறு காரணங்கள் இருந்தன. என் கணவர் திருச்சியில் கொதிகலன் தயாரிக்கும் தொழிலில் இருப்பவர். வேலை நிமித்தம் கல்கத்தாவுக்குப் பலமுறை போயிருக்கிறார்; ஆனால் அவர் பார்த்ததெல்லாம் விமான நிலையத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இடையில் காரின் கண்ணாடிக்கு வெளியே ஓடிய கல்கத்தா மட்டுமே. நானோ பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். 1905இல் வங்கப் பிரிவினை, 1911இல் தலைநகரத்தை டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பு என்று ஆண்டுதோறும் அந்த நகரத்தைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேனே தவிர, நேரில் கண்டதில்லை. எங்கள் திருமணம் நடந்தது தை மாதத்தில். வியர்வை இல்லாமல் கல்கத்தாத் தெருக்களில் நடக்க முடிகிற மாதம் அது. ஈச்ச மரத்தில் சாறு இறக்கி வெல்லம் காய்ச்சுகிற பருவமும் அதுவே.

பிள்ளைகளை அழைத்துப்போவதில்லை என்று முடிவெடுத்தது எளிதாக இருந்தது. அதை மற்றவர்களிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. இருவருமே தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்கி எழக்கூடியவர்கள். என் மாமியார், "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்பாயியிடம் இருப்பதில் பிள்ளைகளுக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான், ஏனென்றால் அந்த ஆட்சியில் தொலைக்காட்சிக்குக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் பள்ளியின் ஆசிரியர் அறையில் தொடங்கி, எதிர்வீட்டு அக்கா, ரயிலில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் வரைக்கும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைங்களை எங்க விட்டீங்க?" அந்தக் கேள்வி எப்போதும் என்னை நோக்கியே வந்தது. என் கணவர் இத்தனை ஆண்டுகளாக மாதத்துக்கு ஒரு முறையாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர். அவரிடம் யாரும் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

திருச்சியிலிருந்து ஹவுராவுக்கு நேரடி ரயில் உண்டு. ஒன்றரை நாளுக்குக் குறையாத பயணம் என்பதால் விமானத்தில் போய்விடலாம் என்றார் அவர். திரும்பும்போது விமானம், போகும்போது ரயில் என்று சமரசம் செய்துகொண்டோம். ரயிலில் முதல் சில மணி நேரத்துக்குள் எங்கள் பேச்சுச் சரக்கு தீர்ந்துபோனதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. மகளின் கணக்கு மதிப்பெண், மகனின் பல் கம்பி, மாடியில் ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பேசி முடித்தபோது வண்டி இன்னும் சென்னையைத் தாண்டவில்லை. அதன் பிறகு வந்தது ஒரு நீண்ட மௌனம். அதில் கோபம் இல்லை, சலிப்புகூட இல்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இருவருமே தேடிக்கொண்டிருந்தோம் என்பதுதான் உண்மை. மறுநாள் காலையில் ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்கும்போது, அகண்ட காவிரியில் தண்ணீர் நிறைந்து ஓடுவதைத் தன் சிறு வயதில் பார்த்ததைப் பற்றி அவராகவே சொல்லத் தொடங்கினார். அந்தக் கதையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பிற்பகலில் சிலிகா ஏரி வந்தபோது இருவரும் சன்னலோரத்து ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

ஹவுராவில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. பெட்டிகளை நிலையத்துப் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் பாலத்தின் மேல் நடந்தே ஊருக்குள் போனோம். 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இரு கரைகளிலும் நிற்கும் கோபுரங்களிலிருந்து நீளும் எஃகுக் கைகள் நடுவில் 457 மீட்டர் தூரத்தைத் தாங்கி நிற்கின்றன. இந்த எண்ணெல்லாம் நான் படித்து வைத்திருந்தது. என் கணவர் பார்த்தது வேறு. நடைபாதையில் தலைச்சுமைக்காரர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு போக, அவர் ஓரமாக ஒதுங்கி, ஒரு தூலத்தின் மேல் வரிசை வரிசையாக இருந்த குமிழ்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "இதுல நட்டு போல்ட்டே கிடையாது, எல்லாம் ரிவிட்டு" என்றார். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளைக்குள் செலுத்தி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவது. அது குளிரும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. பற்றவைப்பு வந்த பிறகு அந்தக் கைத்தொழிலே அழிந்துபோனது என்று அவர் விளக்கியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். 26,500 டன் எஃகு, அதில் 23,000 டன் டாட்டா ஆலையில் வடித்தது, உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் என்று என் பங்குக்கு நானும் சொன்னேன். வீட்டில் அவருடைய வேலையைப் பற்றி நான் கேட்பதெல்லாம் "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்ற அளவில்தான்.

பாலம் முடியும் இடத்தில் கீழே இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. மறுநாள் வங்கத்தில் சரஸ்வதி பூஜை என்பதால் கண்ணில் பட்டதெல்லாம் மஞ்சள். சாமந்தியை ஊசியில் கோத்து, கயிற்றுச் சுருளைப் போன்ற கற்றைகளாகத் தோளிலும் தலையிலும் சுமந்து போகிறார்கள். நான் மல்லிகையைத் தேடினேன், கிடைக்கவில்லை. ரஜனிகந்தா என்று அவர்கள் விற்பது நம் சம்பங்கிதான் என்று வாசனையில் தெரிந்தது. ஒரு தண்டு வாங்கித் தந்தார். அதைத் தலையில் வைக்க முடியாது, பெட்டியிலும் வைக்க முடியாது. நாள் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டே அலைந்தேன்.

அன்று பிற்பகலிலேயே சண்டை வந்துவிட்டது. காரணம் அற்பமானது: அவர் வேகமாக நடப்பார், நான் நின்று நின்று நடப்பேன். ஒரு பெயர்ப்பலகை, ஒரு பழைய சன்னல், வாசலில் ஒரு பூனை என்று எதுவும் என்னை நிறுத்திவிடும். அவருக்கோ பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கைபேசியில் இருந்தது, ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பதும், நான் வந்து சேர்ந்ததும் ஒன்றும் சொல்லாமல் மீண்டும் நடப்பதுமாக இருந்தார். யோசித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு திருமணமான நாள் முதலே இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பிறந்த பிறகு எங்கள் குடும்பத்தின் வேகம் என்பது மிகச் சிறியவரின் கால்களின் வேகம்தான். அவரும் அதற்காகக் குறைத்துக்கொண்டார், நானும் அதற்காகக் கூட்டிக்கொண்டேன், எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள இடைவெளி யாருக்கும் தெரியாமல் போயிற்று. இப்போது நடுவில் கைபிடித்து நடக்க ஆள் இல்லை.

விக்டோரியா நினைவாலயத்தை அந்த மனநிலையில்தான் பார்த்தேன் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பளிங்கு வெள்ளையாக இருந்தது. அடிக்கல் நாட்டியபோது பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரமாக இருந்த ஊர், 1921இல் கட்டடத்தைத் திறந்தபோது அந்தப் பெருமையை டெல்லியிடம் இழந்திருந்தது என்பது மட்டும் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. மாலையில் மெட்ரோவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போய்வந்தோம். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் ஓடியது இந்த ஊரில்தான். ஆற்றின் கீழான தடம் 2024 மார்ச்சில் வந்தது. ஆற்றுக்கு அடியில் இருப்பது அரைக் கிலோமீட்டர்ச் சுரங்கம், முக்கால் நிமிடப் பயணம். சுவரில் நீல வெளிச்சம் தெரிந்ததும் பெட்டியில் இருந்த குழந்தைகளெல்லாம் கத்தின. எங்கள் மகன் இருந்திருந்தால் இதையே திரும்பத் திரும்பப் போகச் சொல்லியிருப்பான் என்று இருவருமே ஒரே நேரத்தில் சொன்னோம். சண்டை அத்துடன் முடிந்தது.

மறுநாள் வசந்த பஞ்சமி. நமக்குச் சரஸ்வதி பூஜை நவராத்திரியில் வருகிறது, வீட்டுக்குள் நடக்கிறது, சுண்டலோடு முடிகிறது. வங்கத்தில் அது பள்ளிகளிலும் தெருக்களிலும் நடக்கும் திருவிழா. அன்றைக்குப் புத்தகங்களை தேவியின் காலடியில் வைத்துவிட்டுப் படிக்காமல் இருப்பதும், பூஜை முடியும்வரை அந்த ஆண்டின் இலந்தைப் பழத்தை வாயில் வைக்காமல் இருப்பதும் பிள்ளைகளுக்கு விதி. இதைவிட முக்கியமான ஒன்றைத் தங்கும் விடுதியின் வரவேற்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: வங்காளிகளின் காதலர் தினம் இதுதானாம். வெளியே வந்தால் உண்மைதான். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள், வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது, மஞ்சள் புடவையின் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பக்கத்தில் கஞ்சி போட்ட பஞ்சாபிச் சட்டையில் பையன்கள், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வருகிறார்கள். பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்தே ஊர் முழுக்க இது நடக்கிறது. எங்கள் மகளுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான் என்ற நினைப்பு எனக்கு வந்தது. என் கணவருக்கும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதுவரை ரசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

நடை வேகப் பிரச்சினையைத் தீர்த்தது டிராம். கல்கத்தாவில் குதிரை இழுத்த டிராம் 1873இல் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. நம் சென்னையில் அதற்கும் முன்பே, 1895இல், மின்சார டிராம் ஓடியது, 1953இல் நின்றுபோனது. 2024இல் மேற்கு வங்க அரசும் ஒரு சிறிய பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. மிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று எஸ்பிளனேடில் ஏறினோம். அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் எதையும் வேகப்படுத்த முடியாது. தண்டவாளத்தின் மேல் ஒரு கைவண்டி நின்றால் டிராமும் நிற்கும். ஓட்டுநர் காலால் மணியை அடிப்பார், கைவண்டிக்காரர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நகர்வார். என் கணவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. வண்டி கல்லூரிச் சாலைக்குள் புகுந்தபோது இரு பக்கமும் புத்தகக் கடைகளின் தகரக் கூரைகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தன. வழியில் இறங்கி, 1876இல் கட்டிய ஆல்பர்ட் ஹாலில் 1942 முதல் இருந்துவரும் காபி ஹவுஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பாலில்லாத காபியை அங்கே இன்ஃப்யூஷன் என்கிறார்கள். டிகாஷனில் வளர்ந்த நாக்குக்கு அது ஏறவில்லை. உயர்ந்த கூரையும், தலைப்பாகைப் பணியாளர்களும், பக்கத்து மேசைகளில் நடந்த உரத்த வாக்குவாதங்களும் ஏறின.

டிராம் போய் முடியும் ஷியாம்பஜாரிலிருந்து பாக்பஜாருக்கு நடக்கும் தூரம்தான். ரசகுல்லாவைப் படைத்தவர் என்று வங்காளிகள் கொண்டாடும் நொபின் சந்திர தாஸ் கடை வைத்திருந்த பகுதி அது. அங்கே ஈச்ச வெல்லம் சேர்த்த சந்தேஷ் ஒன்றைச் சாப்பிட்டேன், கருப்பட்டியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகை மணம் உடனே பிடித்துவிடும். ஆனால் நான் அங்கே போனது போஸ்பாரா சந்துக்காக. அயர்லாந்தில் பிறந்து, 1898இல் கல்கத்தாவுக்கு வந்து சகோதரி நிவேதிதையான மார்கரெட் நோபிள் வாழ்ந்ததும், அதே ஆண்டு சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கியதும் அந்தச் சந்தில்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் சந்து. வீடு இப்போது செப்பனிடப்பட்டு நினைவில்லமாக இருக்கிறது.

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே சென்ற பாரதியார் நிவேதிதையைச் சந்தித்தது இந்தப் பழைய வீட்டில் அல்ல, ஊருக்கு வெளியே டம்டம் பக்கத்தில் என்பார்கள். இடம் எதுவானாலும், அந்தச் சந்திப்பில் நடந்ததாகத் தமிழர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் உரையாடலை அந்தச் சந்தில் நின்று என் கணவருக்குச் சொன்னேன். அப்போது பாரதிக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மணமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நிவேதிதை அவரைப் பார்த்து, மணமாகிவிட்டதா, அப்படியென்றால் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டிருக்கிறார். எங்கள் வழக்கத்தில் மனைவியைப் பொது இடங்களுக்கு அழைத்துவருவதில்லை என்று பாரதி சொல்ல, நாட்டின் சரிபாதியை வீட்டில் பூட்டிவிட்டு நீங்கள் எப்படி விடுதலை வாங்கப்போகிறீர்கள் என்ற பொருளில் அவர் கடிந்துகொண்டாராம். ஒரு சந்திப்பில் கேட்ட ஒரு கேள்விக்காக அவரைக் குருவாக ஏற்று, தம் பாடல் தொகுப்பை அவருக்குக் காணிக்கையாக்கினார் பாரதி. பிற்காலத்தில் கடையத்துத் தெருவில் செல்லம்மாவின் தோளில் கைபோட்டு நடந்து ஊராரின் வாயில் விழுந்தார் என்றும் சொல்வார்கள்.

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பாரதி விழாவில் இந்தக் கதையை யாராவது ஒரு மாணவி மேடையில் ஒப்பிப்பாள். நான் மதிப்பெண் போடுவேன். ரயிலில் வந்த பெரியவர் கேட்ட கேள்வியையும், நிவேதிதை கேட்டதையும் அதற்கு முன்பு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மனைவியை எங்கே விட்டாய் என்று ஆணிடம் கேட்க நம் ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பிள்ளைகளை எங்கே விட்டாய் என்று பெண்ணிடம் கேட்காதவர் இல்லை. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் இந்த ஊருக்கு இத்தனை தடவை வந்திருக்கேன், ஒருத்தரும் என்னை அப்படிக் கேக்கலையே" என்றார். குறைபட்டுக்கொள்ளும் குரலில்தான் சொன்னார்.

ஞாயிறு மாலை பிரின்செப் படித்துறையில் கழிந்தது. ஆற்றங்கரையில் கிரேக்கத் தூண்களோடு நிற்கும் அந்த மண்டபம், 1837இல் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாகக் கட்டியது. பின்னால் வித்யாசாகர் சேது என்ற பாலத்தின் கம்பிகள். அங்கே வருகிற காதலர்களில் பிரின்செப்பை நினைப்பவர் எத்தனை பேர் என்று தெரியாது. அந்த மனிதர் திறந்துவைத்த எழுத்தால்தான் அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயர்கள் நமக்குப் படிக்கக் கிடைத்தன என்றும், அந்தச் சோழர்களின் உறையூரில்தான் நாம் ரேஷன் வாங்குகிறோம் என்றும் சொன்னேன். அவர் படகுக்காரரிடம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி, "நிஜமாவா?" என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளில் என் பாடத்தின் மீது அவர் காட்டிய முதல் ஆர்வம் என்று இதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பைஸ் ஓட்டல் என்று பழைய கல்கத்தாவில் ஒரு வகை உண்டு. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனித்தனிக் காசு, வாழையிலைக்குக்கூடத் தனிக் காசு. ராஷ்பிஹாரி அவென்யூ பக்கத்தில் அப்படி ஒன்றில் உட்கார்ந்தோம். வாழையிலையில் மடித்து வேகவைத்த பேட்கி வந்தது, நம் கொடுவாதான். பிறகு கடுகு அரைத்துவிட்ட ரோகு மீன் குழம்பு, முள் நிறைந்தது. ஒரு துண்டை எடுத்து நான் வழக்கம்போல் முள்ளைப் பிரித்து இலையின் ஓரத்தில் சதையைத் தனியாகச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். எதிரில் இருந்தவர், "யாருக்கு?" என்றார். மகள் பிறந்ததிலிருந்து மீன் சமைக்கும் நாளில் நான் சூடாகச் சாப்பிட்டதில்லை. இரண்டு தட்டுக்கு முள் எடுத்துக் கொடுத்து முடிப்பதற்குள் என் சோறு ஆறிவிடும். அன்றைக்கு முள்ளோடு எடுத்து வாயில் வைத்து, நாக்கால் பிரித்து, நிதானமாகச் சாப்பிட்டேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினேன்.

வீடு திரும்பியதும் மகன் ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலின் வீடியோவைப் பார்த்துவிட்டு, தன்னை விட்டுவிட்டுப் போனதற்காகக் கொஞ்ச நேரம் கோபமாக இருந்தான். மகள் சந்தேஷ் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் இத்தனை நாள் அப்படி என்னதான் பேசினீங்க?" என்று கேட்டாள். ரிவிட்டு, டிராம், பாரதி, மீன் முள் என்று அவள் அப்பா வரிசையாகச் சொன்னார். எங்களைப் பற்றி ஒன்றுமே பேசவில்லையா என்று கேட்டாள். ரயிலில் கொஞ்ச நேரம் பேசினோம், சென்னை வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்றார். அவள் முகம் சற்று வாடிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.